மூட மூடக் குறுகிய வாசல்: அட்டாரி–வாகா எல்லையின் எழுபத்தெட்டு ஆண்டுகள்

2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகளால் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு இந்திய அரசு அறிவித்த நடவடிக்கைகளில் ஒன்று, அட்டாரி சோதனைச் சாவடியை உடனடியாக மூடுவது. முறையான ஆவணங்களோடு வந்தவர்கள் மே 1-க்குள் அவ்வழியே திரும்பிவிட வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் பக்கத்து வாகா வாசலை அடைத்தது. இந்திய விமானங்களுக்கு வான்வெளியை மூடியது. மூன்றாம் நாடுகள் வழியாக நடக்கும் வணிகம் உட்பட எல்லா வர்த்தகத்தையும் நிறுத்தியது. செய்திகளில் இது பெரிய அதிரடியாகவே வந்தது. ஆனால் அன்று மூடுவதற்கு அங்கே என்ன மிச்சம் இருந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நேரடி வர்த்தகம் 2019-லேயே நின்றுவிட்டது. ரயிலும் பேருந்தும் அதே ஆண்டில் நின்றன. இரு தலைநகரங்களிலும் தூதர்கள் இல்லை. அவர்களுக்கு அடுத்த நிலை அதிகாரிகள்தான் இருந்தார்கள். ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் உலர்பழ லாரிகள், சில யாத்திரிகர்கள், உறவினரைப் பார்க்க வந்துபோகும் சில நூறு பேர் என்ற அளவுக்குத்தான் அந்த வாசல் திறந்திருந்தது.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. 1947 முதல் இன்றுவரை இந்திய–பாகிஸ்தான் எல்லை பலமுறை மூடப்பட்டிருக்கிறது, பலமுறை திறக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மூடலும் தற்காலிகம் என்றே சொல்லப்பட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் திரும்பத் திறந்த வாசல், முன்பு இருந்ததைவிடச் சிறியதாகவே இருந்தது. எதிரியைப் பணியவைக்கும் கருவி என்று கருதப்பட்ட எல்லை மூடல், பயன்படுத்தப் பயன்படுத்தத் தன் வலுவையே இழந்தது என்பதுதான் இந்த வரலாறு சொல்லும் செய்தி. மூடுவதற்கு ஏதாவது திறந்திருந்தால்தானே மூடல் ஓர் ஆயுதமாக இருக்க முடியும்?

தொடக்கத்தில் இப்படி ஒரு வாசல் தேவைப்படும் என்றே பெரும்பாலோர் நினைக்கவில்லை. இந்தியாவுக்கு அதற்கு முன் ஒருமுறைகூட வந்திராத சிரில் ராட்கிளிஃப் 1947 ஜூலை 8 அன்று வந்திறங்கினார். அவர் வரைந்த கோடு, விடுதலைக்கு இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று வெளியானது. லாகூருக்கும் அமிர்தசரஸுக்கும் இடையே சுமார் 50 கி.மீ. தூரம்தான். ஒரே சாலை, ஒரே ரயில் பாதை, ஒரே மொழி, ஒன்றையொன்று நம்பிய சந்தைகள். இரு நாடுகளுக்கும் இடையே சரக்கு 1948 பிப்ரவரி இறுதிவரை சுங்கவரி இல்லாமலே போய்வர வேண்டும் என்று உடன்பாடு இருந்தது. ஜின்னாவே மும்பை மலபார் ஹில் வீட்டை விற்காமல் வைத்திருந்தார். அங்கே திரும்ப வந்து தங்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. கிழக்கு வங்கத்தின் சணல் கல்கத்தா ஆலைகளுக்கு வந்தது. நிலக்கரியும் துணியும் இங்கிருந்து போயின. 1948–49-இல் பாகிஸ்தானின் ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இந்தியாவுக்கே வந்தது. அரசியல் பிரிந்தாலும் பிழைப்பு பிரியாது என்ற எண்ணம் அன்று அசட்டுத்தனமாகத் தோன்றவில்லை.

வாகா சோதனைச் சாவடி பிறந்தது 1947 அக்டோபரில். பஞ்சாப் படுகொலைகளின் நடுவே, இரு பக்கமும் லட்சக்கணக்கான அகதிகள் கால்நடையாகப் போய்க்கொண்டிருந்த நேரம். இந்தியத் தரப்பில் பிரிகேடியர் மொஹிந்தர் சிங் சோப்ரா, பாகிஸ்தான் தரப்பில் பிரிகேடியர் நசீர் அகமது. இருவரும் பிரிவினைக்கு முன் ஒரே படையில் பணியாற்றியவர்கள். கிராண்ட் டிரங்க் சாலையில் சந்தித்துப் பேசி, சுண்ணாம்பு அடித்த சில பீப்பாய்களைக் குறுக்கே வைத்து, பக்கத்தில் கூடாரங்கள் போட்டு, எல்லைக்கு ஓர் அடையாளம் ஏற்படுத்தினார்கள். அதன் நோக்கம் மறிப்பதல்ல; அகதிகள் கூட்டம் ஒழுங்காகக் கடக்க வழிசெய்வது. ஆனால் ஒன்பதே மாதத்தில், 1948 ஜூலையில், பாகிஸ்தானிலிருந்து திரும்பி வருகிறவர்களைக் கட்டுப்படுத்த இந்தியா அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது; கலவரத்துக்கு அஞ்சி ஓடிய தில்லி முஸ்லிம்கள் வீடு திரும்பத் தொடங்கியதும், அந்த வீடுகளில் அகதிகள் குடியேறியிருந்ததும் இதற்குக் காரணம். அதே ஆண்டில் பாகிஸ்தானும் அப்படியே செய்தது. 1952 அக்டோபரில் கடவுச்சீட்டும் விசாவும் வந்தன. ஒவ்வொரு அடிக்கும் அன்றைய நிலையில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயங்கள் தீர்ந்த பிறகும் ஒரு கட்டுப்பாடுகூடப் பின்வாங்கப்படவில்லை.

மூடலை ஆயுதமாகப் பயன்படுத்திய முதல் பெரிய நிகழ்வு 1949-இல் நடந்தது. அதைப் பலரும் மறந்துவிட்டார்கள். அது போர் அல்ல, நாணயத் தகராறு. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. இந்தியாவும் ரூபாய் மதிப்பைக் குறைத்தது; பாகிஸ்தான் மறுத்துவிட்டது. ஆக, 100 பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் தர வேண்டும் என்றாயிற்று. அந்த விகிதத்தை ஏற்க மாட்டோம் என்று இந்தியா சொன்னது. வர்த்தகம் ஏறத்தாழ நின்றுபோனது. சணலுக்கு வேறு வாங்குபவன் ஏது, பாகிஸ்தான் இறங்கித்தானே வர வேண்டும் என்று இங்கே கணக்குப் போட்டார்கள். நம்மை விட்டால் கல்கத்தா ஆலைகளுக்கு எவன் சணல் தருவான், இந்தியாதான் இறங்கி வரும் என்று அங்கே கணக்குப் போட்டார்கள். இரண்டு கணக்குமே பொய்த்தன. மேற்கு வங்கத்திலும் அஸ்ஸாமிலும் பீகாரிலும் நெல் வயல்கள் சணல் வயல்களாயின. கிழக்கு வங்கத்தின் நாராயண்கஞ்சில் ஆதம்ஜி சணல் ஆலை எழுந்தது. 1951 பிப்ரவரியில் இந்தியா பாகிஸ்தானின் நாணய மதிப்பை ஏற்று ஒப்பந்தம் செய்தபோது, ஒருவரில்லாமல் இன்னொருவர் பிழைக்கும் வழியை இருவருமே கற்றிருந்தார்கள். பழைய அளவுக்கு வர்த்தகம் திரும்பவே இல்லை. பிற்கால மூடல்கள் எல்லாவற்றுக்கும் அளவுகோல் இந்த நிகழ்வில் கிடைக்கிறது: மூடல், எதிராளியைப் பணியவைப்பதைவிட வேகமாக அவனுக்கு மாற்றுவழியைக் கற்றுக்கொடுக்கிறது.

இதற்கு நடுவே வாசல் தாராளமாகத் திறந்த தருணங்களும் உண்டு. 1955 ஜனவரி இறுதியில் லாகூரில் நடந்த டெஸ்ட் கிரிக்கெட் போட்டியைப் பார்க்க ஆயிரக்கணக்கான இந்தியர்கள் வாகா வழியாகப் போனார்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் உயிருக்கு அஞ்சி அந்த ஊரை விட்டு ஓடிவந்தவர்களும் அதில் இருந்தார்கள். எல்லையில் கெடுபிடி தளர்த்தப்பட்டது. ஒரே நாளில் போய் இரவில் அமிர்தசரஸ் திரும்பியவர்கள் உண்டு. மக்கள் மனத்தில் பகை ஊறிப்போனதால்தான் எல்லை இறுகியது என்று வாதிடுபவர்கள் இந்த நிகழ்வைக் கணக்கில் எடுப்பதில்லை. கொலைகளின் நினைவு மிகப் பச்சையாக இருந்த காலத்தில்தான் வாசல் இன்றைவிட அகலமாக இருந்தது.

அதைக் குறுக்கியது 1965 போர். வர்த்தகம் அறவே நின்றது. ஒருவர் நாட்டில் இருந்த மற்றவர் சொத்துகள் எதிரிச் சொத்துகள் ஆயின. ராஜஸ்தானின் முனாபாவுக்கும் சிந்துவின் கோக்ராபாருக்கும் இடையே ஓடிய ரயில் நின்றது. கல்கத்தாவிலிருந்து கிழக்கு வங்கத்துக்குப் போன ரயில்களும் நின்றன. 1966 ஜனவரியில் கையெழுத்தான தாஷ்கண்ட் உடன்பாடு பொருளாதார உறவை மீட்பது பற்றிப் பேசியது. ஆனால் நேரடி வர்த்தகம் மீண்டும் தொடங்க 1974 இறுதியில் வந்த உடன்பாடு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர் நடந்தது சில வாரங்கள்தான். அதன் பெயரால் வந்த மூடல் ஒன்பது ஆண்டு நீடித்தது.

கல்கத்தா ரயில்களின் கதை இன்னும் கூர்மையான சான்று. 1971-இல் கிழக்குப் பாகிஸ்தான் வங்கதேசம் ஆனது. பகை நாடு நட்பு நாடாக மாறியது. எல்லையை மூடியதற்கான காரணம் முற்றிலும் மறைந்துவிட்டது. அப்படியிருந்தும் கல்கத்தாவிலிருந்து டாக்காவுக்கு மைத்ரி எக்ஸ்பிரஸ் ஓடியது 2008 ஏப்ரல் 14 அன்றுதான். 1965-இலிருந்து இடைப்பட்ட காலம் 43 ஆண்டு. குல்னா ரயில் 2017-இல் வந்தது. ஜம்முவிலிருந்து சியால்கோட்டுக்கு 1890-இல் போடப்பட்ட பாதையில் 1947-க்குப் பிறகு ரயில் ஓடவே இல்லை. ஸ்ரீநகரிலிருந்து முசாஃபராபாத்துக்கு ஜீலம் பள்ளத்தாக்கு வழியே போகும் சாலைதான் காஷ்மீரின் பழைய தலைவாசல். பழமும் மரமும் ராவல்பிண்டிக்குப் போனது அவ்வழியேதான். அது 1947-இல் அடைபட்டு, 2005 ஏப்ரல் 7 அன்று பேருந்து விடுவதற்காக 58 ஆண்டுக்குப் பிறகு திறந்தது. முனாபாவ் ரயில் 2006-இல், 41 ஆண்டு கழித்து வந்தது. மூடுவதற்கு ஓர் உத்தரவு போதும். திறப்பதற்குத் தண்டவாளம் வேண்டும், சுங்க அலுவலகம் வேண்டும், இரு அரசுகளின் சம்மதமும் ஒரே நேரத்தில் வேண்டும், அந்தச் சம்மதத்தைத் தங்கள் அரசியல் எதிரிகளிடம் தாங்கிப் பேசும் துணிவுள்ள தலைவர்கள் இரு பக்கமும் வேண்டும். மூடலும் திறப்பும் சம எடையுள்ள செயல்கள் அல்ல. இதனால்தான் வாசல் ஒவ்வொரு சுற்றிலும் குறுகுகிறது.

1972 ஜூலையில் கையெழுத்தான சிம்லா உடன்பாட்டுக்குப் பிறகு திறந்தவற்றில் இதைக் கண்ணாரக் காணலாம். 3,000 கி.மீ.க்கு மேல் நீளும் எல்லையில் சரக்குக்கும் ஆளுக்கும் முறையான சாலை வழி என்று மிஞ்சியது அட்டாரி–வாகா ஒன்றுதான். பெரோஸ்பூர் அருகே ஹுசைனிவாலாவில் இருந்த வாசல் 1971 போரோடு மூடிக்கொண்டது. 1976 ஜூலை 22 அன்று இரு நாடுகளையும் இணைத்த சம்ஜோதா எக்ஸ்பிரஸ் ரயில் ஓடத் தொடங்கியது. சாலை வழியிலோ சரக்கு கடந்த விதமே வேறு. 2007 வரை ஒரு நாட்டு லாரி மறுநாட்டுக்குள் போகக் கூடாது. இந்திய லாரி கோட்டுக்கு இப்பால் நிற்கும். சுமைத் தொழிலாளர்கள் மூட்டையைத் தலையில் ஏற்றி, சாலையில் போட்ட வெள்ளைக் கோடு வரை வரிசையாக நடப்பார்கள். கோட்டுக்கு அப்பால் அந்த நாட்டுத் தொழிலாளர் தலையைக் குனிந்து நிற்பார். மூட்டை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்கு மாறும். இவர் கால் அங்கே படாது, அவர் கால் இங்கே படாது. வெங்காயமும் உலர்பழமும் பல ஆண்டுகள் இப்படித்தான் நாடு கடந்தன. இரு பக்கமும் அணுகுண்டு வெடித்துப் பார்த்த பிறகும், ஒரு மூட்டை தக்காளியைத் தலை மாற்றித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. 2007 அக்டோபர் 1 அன்றுதான் லாரிகள் கோட்டைத் தாண்டின. அப்போதும் அவை எதிர்ப்பக்கச் சுங்க வளாகம்வரை போய்ச் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். பாகிஸ்தான் சாலை வழியே இறக்குமதிக்கு அனுமதித்த பொருள்கள் 137 மட்டுமே. அட்டாரியில் பெரிய ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி 2012 ஏப்ரலில் திறந்தது. குளிர்பதனக் கிடங்கு, எடைமேடை, லாரி நிறுத்தம் என்று எல்லாம் கட்டினார்கள். ஏழே ஆண்டில் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்த ஏழாம் ஆண்டு 2019. பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் பயங்கரவாதத் தாக்குதலில் 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் கொல்லப்பட்டார்கள். 1996-இல் பாகிஸ்தானுக்குத் தந்திருந்த வர்த்தகச் சலுகைத் தகுதியை இந்தியா மறுநாள் விலக்கிக்கொண்டது. அதற்கு மறுநாள் அங்கிருந்து வரும் எல்லாச் சரக்குக்கும் 200 சதவீத வரி போட்டது. ஏப்ரலில் காஷ்மீர் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி 2008 முதல் நடந்துவந்த பண்டமாற்று வணிகம் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் காஷ்மீரின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்டதும் பாகிஸ்தான் தன் பங்குக்கு வர்த்தகத்தை முறித்தது. ரயிலும் பேருந்தும் நின்றன. 2018–19-இல் பாகிஸ்தானிலிருந்து இந்தியா சுமார் 49 கோடி டாலர் அளவுக்கு இறக்குமதி செய்தது. அடுத்த ஆண்டில் அது ஒன்றரைக் கோடிக்கும் கீழே போயிற்று. இந்தியாவின் ஏற்றுமதியும் 200 கோடி டாலரிலிருந்து 82 கோடி டாலர் அளவுக்கு விழுந்தது. இந்தியாவின் மொத்த வணிகத்தில் இது துளிதான். ஆனால் அந்தத் துளியை நம்பி வாழ்ந்த ஊர் ஒன்று உண்டு.

அமிர்தசரஸ் மாவட்டத்தில் 9,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் வருமானம் இந்த மூடலால் நேரடியாக அடிபட்டது என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சுமைத் தொழிலாளர், லாரி உரிமையாளர், சுங்க முகவர், சாலையோர தாபா நடத்துபவர் என்று நீளும் பட்டியல் அது. கயிர்பூர் பக்கத்து உலர் பேரீச்சை, கேவ்ரா சுரங்கத்துக் கல்லுப்பு, ஜிப்சம், சிமெண்ட் ஆகியவை பாகிஸ்தானிலிருந்து வந்தவை. நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் இந்துப்பு என்று விற்றதில் பெரும்பகுதி அந்த கேவ்ரா உப்புதான். அமிர்தசரஸ் மண்டியின் முடக்கம் மதுரை கடைவீதி வரை விலையில் தெரிந்தது. பாகிஸ்தான் பக்கத்திலும் இதே கதைதான். ஆகஸ்டில் வர்த்தகத்தை முறித்த அந்த அரசு, மருந்துத் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி, செப்டம்பரிலேயே இந்திய மருந்துகளுக்கு மட்டும் வழிவிட்டது. 2021 மார்ச் 31 அன்று இந்தியப் பருத்தியையும் சர்க்கரையையும் வாங்கலாம் என்று அதன் பொருளாதாரக் குழு முடிவெடுத்தது. மறுநாள் அமைச்சரவை அதை நிறுத்திவைத்தது. ஆலைகளுக்குப் பருத்தி தேவைப்பட்டது, மக்களுக்கு மலிவான சர்க்கரை தேவைப்பட்டது. ஆனாலும் வாங்க முடியவில்லை. மூடிய வாசலைத் திறப்பது தோல்வியாகப் பார்க்கப்படும் என்ற அச்சம், மூடியவரையே கட்டிப்போட்டது.

மூடலால் சரக்கு நின்றதா என்றால், அதுவும் முழுக்க இல்லை. 2025 மே 2 அன்று பாகிஸ்தானிலிருந்து நேராகவோ சுற்றியோ வரும் எல்லாப் பொருளுக்கும் இந்தியா தடை விதித்தது. அடுத்த மாதமே மும்பைக்கு அருகே நவசேவா துறைமுகத்தில் வருவாய்ப் புலனாய்வு அதிகாரிகள் 39 கன்டெய்னர்களைப் பிடித்தார்கள். 1,115 டன் சரக்கு. துபாய் வழியாக வேற்றுநாட்டுப் பொருள் என்ற பெயரில் வந்தவற்றில் பாகிஸ்தான் உலர் பேரீச்சையும் இருந்தது. அட்டாரி வழியே ஒரு பகலில் வந்துவிடக்கூடிய பழம், கராச்சியில் கப்பலேறி, துபாயில் பெயர் மாறி, அரபிக் கடலைச் சுற்றி வருகிறது. லாபம் இடைத்தரகருக்கு, நஷ்டம் அட்டாரியின் சுமைத் தொழிலாளருக்கு. அரசுக்கு வரியும் இல்லை, கண்காணிப்பும் இல்லை.

பாதுகாப்புதான் முதல் ஆட்சேபம். வாசலைத் திறந்துவைத்தால் பயங்கரவாதிகள் வர மாட்டார்களா? நியாயமான கேள்வி. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய பத்துப் பேர் கராச்சியிலிருந்து படகில் வந்தார்கள். பதான்கோட் விமானப்படைத் தளத்தை 2016 ஜனவரியில் தாக்கியவர்களும் விசா முத்திரை குத்திக்கொண்டு வரவில்லை. கடவுச்சீட்டைக் காட்டி, கைரேகை கொடுத்து, காவல் நிலையத்தில் பதிவு செய்யும் வழி, கொல்ல வருகிறவன் தேர்ந்தெடுக்கும் வழி அல்ல. ஆனால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2019 ஜூன் இறுதியில் அட்டாரியில் கல்லுப்பு மூட்டைகளுக்குள் 532 கிலோ ஹெராயின் பிடிபட்டது. முறையான வாசலையும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்கு அது மறுக்க முடியாத சான்று. ஆனால் அது பிடிபட்டது வாசலில்தான். வாசல் மூடிய பிறகு பஞ்சாபுக்குள் ஹெராயின் வருவது நிற்கவில்லை. இரவில் டிரோன்களில் வந்து வயல்களில் விழுகிறது. சோதிக்க முடிகிற வழியை அடைப்பது, சோதிக்க முடியாத வழிக்குக் கூலி ஏற்றிவிடுவதாகவே முடிகிறது.

வணிகமும் போக்குவரத்தும் போரைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்பது இரண்டாவது ஆட்சேபம். 1965 போர் வந்தது எல்லை ஓரளவு திறந்திருந்த காலத்தில். பிரதமர் வாஜ்பாயி 1999 பிப்ரவரியில் லாகூருக்குப் பேருந்தில் போனார். மே மாதமே கார்கில் போர் தொடங்கிவிட்டது. இந்த ஆட்சேபத்தை நான் முழுதாகவே ஏற்கிறேன். வெங்காய லாரி பீரங்கியை நிறுத்தாது. வர்த்தகம் அமைதியைத் தானாகக் கொண்டுவரும் என்பது வணிகர் சங்க மேடைப் பேச்சுக்கு மட்டுமே பொருந்தும். ஆனால் கேள்வி வேறு. போர் முடிந்தபின் இரு நாடுகளும் எங்கிருந்து மீளத் தொடங்கும்? கார்கிலில் குண்டு மழை பொழிந்த வாரங்களிலும் தில்லி–லாகூர் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. போரை அது தடுக்கவில்லை. ஆனால் போருக்குப் பின் தொடங்குவதற்கு ஒன்று மிச்சம் இருந்தது. இந்திய நாடாளுமன்றத்தின் மீது நடந்த தாக்குதலை அடுத்து 2002 ஜனவரியில் அதே பேருந்தும் சம்ஜோதா ரயிலும் நிறுத்தப்பட்டன. பேருந்து திரும்ப ஒன்றரை ஆண்டும் ரயில் திரும்ப இரண்டு ஆண்டும் ஆயின. ஒரு நாட்டோடு இனி உறவே வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கு இது பெரிதல்ல. ஆனால் அப்படி ஒரு முடிவை எந்த அரசும் வெளிப்படையாக எடுத்ததில்லை.

மூன்றாவது ஆட்சேபம்தான் வலுவானது. மக்கள் கொல்லப்படும்போது ஓர் அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? குண்டு போடுவதைவிட வாசலை அடைப்பது எவ்வளவோ மேல் இல்லையா? மேல்தான்; சினத்தைக் காட்ட உயிர்ச்சேதம் இல்லாத வழி ஒன்று எந்த நாட்டுக்கும் வேண்டும். ஆனால் அந்த வழி தேய்ந்துபோகும் தன்மையுடையது. 2002-இல் பேருந்தையும் ரயிலையும் நிறுத்தியபோது அது உலகம் கவனித்த கண்டனம். 2019-இல் அதையே செய்தபோது, அது எதிர்பார்த்த கண்டனம். 2025-இல் நிறுத்தப் பேருந்தும் இல்லை, ரயிலும் இல்லை, வர்த்தகமும் இல்லை. எனவே பட்டியல் சிந்து நதி வரை நீண்டது. 1960 செப்டம்பர் 19 அன்று நேருவும் அயூப் கானும் கராச்சியில் கையெழுத்திட்ட சிந்து நதிநீர் ஒப்பந்தம் 1965, 1971, 1999 என்று மூன்று போர்களிலும் கைவைக்கப்படாமல் இருந்தது. 2025 ஏப்ரல் 23 அன்று அதையும் இந்தியா நிறுத்திவைத்தது. மே 7 முதல் 10 வரை ஏவுகணைகளும் டிரோன்களும் பறந்தன. மூடல் போருக்கு மாற்று என்றால், போர் வரும் முன் படிப்படியாக ஏற நடுவில் படிகள் இருக்க வேண்டும். முந்தைய மூடல்களே அந்தப் படிகளை எல்லாம் தின்றுவிட்டன.

இந்தப் பழக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. 2025 அக்டோபர் மோதலுக்குப் பிறகு பாகிஸ்தான் ஆப்கானிஸ்தானோடு உள்ள டோர்கம், சமன் வாசல்களை அடைத்தது. பெஷாவர் சந்தையில் தக்காளி விலை ஏறியது. கந்தஹார் மாதுளை லாரியிலேயே அழுகியது. ஆப்கான் வணிகர்கள் ஈரான் வழியையும் மத்திய ஆசிய வழியையும் தேடிப் போனார்கள். 1949-இல் சணலுக்கு நடந்தது மாதுளைக்கு நடந்தது. இந்தியா அட்டாரியை மூடியதில் அதே ஆப்கான் உழவரும் சேர்ந்தே அடிபட்டார். 2025 மே மாதம் சுமார் 160 ஆப்கான் லாரிகளைச் சிறப்பு அனுமதியில் உள்ளே விட வேண்டி வந்தது. குறிபார்த்தவரை விட்டுப் பக்கத்தில் நிற்பவரைத் தாக்குவது மூடலின் இயல்பு. அதில் மிகக் கடுமையாக அடிபடுபவர்கள், எல்லைக்கு அப்பால் மணம் முடித்துப் போனவர்கள். 2025 ஏப்ரல் இறுதியில் அட்டாரியில் தாயிடம் ஒரு நாட்டுக் கடவுச்சீட்டும் பிள்ளைகளிடம் இன்னொரு நாட்டுக் கடவுச்சீட்டும் இருந்த குடும்பங்கள் வாசலிலேயே பிரிந்தன. இதய அறுவைச் சிகிச்சைக்குக் குழந்தைகளோடு வந்தவர்கள் பாதியில் திரும்பினார்கள். ஒரு பயங்கரவாத அமைப்பின் திட்டம் எதையும் இவர்களின் துயரம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாது.

எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்பதல்ல இதன் முடிவு. பகைக்கு நடுவிலும் சிலவற்றைப் பகைக்கு வெளியே வைக்க முடியும் என்று இதே இரு நாடுகளும் நிரூபித்திருக்கின்றன. 1988 ஒப்பந்தப்படி ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அணுநிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கிறார்கள். 1992 முதல் இது தவறியதில்லை. 2008 உடன்பாட்டின்படி ஆண்டுக்கு இருமுறை கைதிகள் பட்டியலைப் பரிமாறுகிறார்கள். உறவு முறிந்த 2019-இலேயே, நவம்பர் 9 அன்று சீக்கிய யாத்திரிகர்களுக்கான கர்தார்பூர் பாதை திறந்தது. 2025 மே மாதம் இந்தியா அதை நிறுத்தியது; ஆனாலும் 1974-இல் செய்துகொண்ட யாத்திரை உடன்பாட்டின்படி நவம்பரில் குருநானக் பிறந்தநாளுக்காகச் சீக்கியர்கள் வாகா வழியே போய்வந்தார்கள். எனவே மருத்துவம், பிரிந்த குடும்பங்கள், யாத்திரை, மூன்றாம் நாட்டுச் சரக்கு ஆகிய நான்கும் எந்த நெருக்கடியிலும் நிற்காது என்று ஓர் எழுத்துப்பூர்வமான ஏற்பாடு செய்துகொள்வது கனவல்ல. முன்மாதிரி உள்ள காரியம். மற்றவற்றை மூடுவதானாலும், எந்தத் தேதியில் மறுபரிசீலனை, எந்த நிபந்தனையில் திறப்பு என்று மூடும் உத்தரவிலேயே எழுத வேண்டும். கெடு இல்லாத மூடல் எதிரிக்கு விடும் எச்சரிக்கை ஆகாது. எதிரி அதற்குப் பழகிப்போகிறான். எழுபத்தெட்டு ஆண்டு அனுபவத்தில் இந்த வாசலை மூடி இந்தியாவோ பாகிஸ்தானோ மற்றவரிடமிருந்து நிலையாகப் பெற்ற விட்டுக்கொடுப்பு ஒன்றுகூட இல்லை. அடுத்த முறை மூடல் உத்தரவு வரும்போது கைதட்டும் முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை எப்போது, எப்படித் திறக்கப் போகிறீர்கள்?